ஏஐ எத்தனை ஆய்வு படிச்சுதுன்னு போட்டீங்க, எத்தனையை ஒதுக்குச்சுன்னு போடலையே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பத்திரிகையில வந்த அந்த முழுப்பக்க கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். அடுத்த பெருந்தொற்று வந்தா உலகத்துல வர்ற ஆராய்ச்சி முடிவுகளை எல்லாம் ஏஐ ஒரே நாள்ல படிச்சு தொகுத்து டாக்டருங்க கையில குடுத்துடும், மனுசங்க மாசக்கணக்குல உக்காந்து பண்ண வேலை இனிமே தேவையே இல்லங்குற மாதிரி எழுதியிருந்தீங்க. எழுதினவரு நல்ல எண்ணத்துலதான் எழுதியிருக்காரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அந்த வேலையை கொரோனா காலத்துல கிட்டத்தட்ட ஒன்றரை வருசம் ஒரு டீம்ல இருந்து பண்ணவங்குற முறையில எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிடும், இடம் இல்லன்னா சுருக்கிக்கோங்க, ஆனா கடைசியில ஒரு எண்ணிக்கை பத்தி கேட்டிருக்கேன், அதை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.

முதல்ல இந்த சிஸ்டமேட்டிக் ரிவ்யூன்னா என்னன்னே கட்டுரையில சரியா வரல. நாலு ஆராய்ச்சி பேப்பர் படிச்சுட்டு நம்ம கருத்தை எழுதுறது இல்ல அது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கணும், இந்த மருந்தை குடுத்தா ஆஸ்பத்திரியில படுத்திருக்குற கொரோனா நோயாளிங்க சாவு குறையுதாங்குற மாதிரி, அந்த கேள்விக்கு எந்த நாட்டுல யாரு ஆய்வு பண்ணியிருந்தாலும் அத்தனையும் தேடி எடுக்கணும், எதை சேக்கணும் எதை விடணும்ங்குற விதியை தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி பதிவு பண்ணி வச்சுடணும், அப்புறம் ரெண்டு பேரு, ஒருத்தர் முடிவு இன்னொருத்தருக்கு தெரியாம, தனித்தனியா உக்காந்து ஒவ்வொரு தலைப்பையும் சுருக்கத்தையும் பாத்து சேக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணணும், ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலன்னா பேசித் தீக்கணும், முடியலன்னா மூணாவது ஆளு வரணும். அதுக்கப்புறம்தான் முழு பேப்பரையும் படிக்கறது, அதுல இருக்குற நம்பரை எடுக்கறது, அந்த ஆய்வை எந்த அளவுக்கு நம்பலாம்னு எடை போடறது, எல்லாத்தையும் சேத்து கணக்கு போடறது எல்லாம். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம்ல, இந்த வேலையில அது செல்லவே செல்லாது. ஒவ்வொரு பருக்கையா பாக்கறதுக்குன்னே வச்ச வேலை இது.

இப்படி தொகுக்காம விட்டா என்ன ஆகும்ங்குறதுக்கு பழைய கதை ஒண்ணு இருக்கு. மாரடைப்புக்கு குடுக்குற ஸ்ட்ரெப்டோகைனேஸ் மருந்தை வச்சு 1959-ல இருந்து 1988 வரைக்கும் 33 ட்ரையல், அதாவது ஒரு பக்கத்துக்கு மருந்து குடுத்து இன்னொரு பக்கத்துக்கு குடுக்காம ஒப்பிட்டுப் பாக்கற சோதனை, நடந்துச்சு. 1992-ல ஒரு குழு அதை எல்லாம் தேதி வாரியா அடுக்கி கூட்டிப் பாத்தா, 1973-லயே, வெறும் 8 ட்ரையல்ல, 2432 பேரு கணக்குலயே, இந்த மருந்து உயிரை காப்பாத்துதுங்குறது தெளிவா தெரிஞ்சிருக்கு. யாரும் கூட்டிப் பாக்கல. அதுக்கப்புறம் இன்னும் 25 ட்ரையல், 34 ஆயிரம் பேருக்கு மேல, அதுல எத்தனை ஆயிரம் பேரு மருந்து இல்லாத பக்கத்துல விழுந்தாங்கன்னு நினைச்சாலே எனக்கு வயிறு கலங்கும். அதனால வேகம் வேண்டாம்னு நான் சொல்லவே மாட்டேன், தாமதத்துக்கும் உயிர் போகும்.

கொரோனா வந்தப்போ அந்த தாமதம் எங்களுக்கு கண்ணு முன்னாடியே தெரிஞ்சுது. ப்ராஸ்பெரோன்னு ஒரு பதிவேடு இருக்கு, ரிவ்யூ பண்றவங்க முன்கூட்டியே பதிவு பண்ற இடம், அதுல இருக்குற ரிவ்யூக்களை வச்சு 2017-ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு ரிவ்யூ ஆரம்பிச்சு வெளியாகறதுக்கு சராசரியா 67 வாரம் ஆகுதுன்னு. 2020 ஜனவரியில ஆரம்பிச்சிருந்தா 2021 ஏப்ரல்லதான் முடிவு கையில கிடைச்சிருக்கும். அதுக்குள்ள பேப்பருங்க வெள்ளமா வந்து கொட்டுச்சு. கொரோனா வைரஸ் குடும்பம் சம்பந்தப்பட்ட ஆய்வுகளை மெஷின் படிக்கிற மாதிரி திரட்டி கார்ட்-19னு ஒரு தொகுப்பை ஆலன் இன்ஸ்டிட்யூட்ங்குற ஏஐ ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 2020 மார்ச்ல வெளியிட்டாங்க, முதல்ல சுமார் 28 ஆயிரம் பேப்பர், 2022 ஜூன்ல கடைசி பதிப்பு வந்தப்போ பத்து லட்சத்துக்கும் மேல. எந்த மனுசன் படிப்பான் அதை. ராத்திரி பதினோரு மணிக்கு அன்னிக்கு கோட்டாவை முடிச்சுட்டு லேப்டாப்பை மூடுவேன், காலையில திறந்தா முடிச்சதை விட புதுசா வந்தது ஜாஸ்தியா இருக்கும். அப்போ பேப்பரை சலிச்சுக் குடுக்கற ஒரு ஏஐ டூலை கையில குடுத்தாங்க பாருங்க, நிஜமாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அது எப்படி வேலை செய்யுதுன்னு உங்க வாசகர்களுக்கு சொல்லிடறேன், இதுல மாயம் ஒண்ணும் கிடையாது. முதல்ல நாம ஒரு முந்நூறு பேப்பருக்கு வேணும் வேணாம்னு கிளிக் பண்ணிக் குடுக்கணும். எந்த மாதிரி வார்த்தைங்க வந்தா நாம வேணும்னு சொல்றோம்ங்குறதை அது கத்துக்கிட்டு, மிச்சம் இருக்குற ஆயிரக்கணக்கான பேப்பரை வரிசை மாத்தி, தேறும்னு அது நினைக்கறதை மேலயும் தேறாதுன்னு நினைக்கறதை கீழயும் தள்ளும், நாம கிளிக் பண்ணப் பண்ண வரிசை மாறிக்கிட்டே வரும். நெதர்லாந்துல உட்ரெக்ட் யுனிவர்சிட்டிக்காரங்க பண்ண ஏஎஸ்ரிவ்யூ மாதிரி டூல்களோட கோடே எல்லாருக்கும் திறந்து கிடக்கு, யாரு வேணாலும் உள்ள பாக்கலாம். மருத்துவ ஆய்வுகளை இப்படி தொகுக்கற காக்ரேன்ங்குற உலக அமைப்பு இன்னொரு விதமா பண்ணாங்க, உலகம் பூரா தன்னார்வலர்களை வச்சு இது ரேண்டம் ட்ரையலா (யாருக்கு மருந்து யாருக்கு இல்லன்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு பண்ற சோதனை) இல்லையான்னு 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல பேப்பர் சுருக்கங்களை அடையாளம் பண்ணச் சொல்லி, அதை வச்சு ஒரு மெஷினுக்கு கத்துக் குடுத்தாங்க. சோதிச்சுப் பாத்தப்போ அது ட்ரையல்களை 99 சதவீதத்துக்கு மேல பிடிச்சுது. இதெல்லாம் பாராட்ட வேண்டிய வேலை, காசு வாங்காம ராத்திரி உக்காந்து கிளிக் பண்ண அத்தனை பேரோட கண்ணும் அந்த மெஷினுக்குள்ள இருக்கு.

இனி எங்களுக்கு நடந்ததை சொல்றேன். நாங்க யூஸ் பண்ண டூலோட பேரு முக்கியமில்ல, யாரு டூலா இருந்தாலும் இது நடந்திருக்கும். மூணாவது வாரம்னு ஞாபகம், வரிசையில கீழ இறங்க இறங்க தொடர்ந்து இருநூறு பேப்பருக்கு ஒண்ணு கூட தேறல, எல்லாம் எலி மேல பண்ணதும் கருத்துக் கட்டுரையுமா வந்துச்சு, இன்னும் ஆறாயிரம் பாக்காம கிடக்கு. நிறுத்திடலாம், மெஷின் எல்லாத்தையும் மேல தூக்கிக் குடுத்துடுச்சுன்னு எல்லாரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். எங்க டீம்ல சீனியர் ஒரு அக்கா இருந்தாங்க, லைப்ரரியில தேடல் வேலையில ஊறினவங்க, அவங்க மட்டும் ஒத்துக்கல. அந்த ஆறாயிரத்துல கண்ணை மூடிட்டு ஒரு நூறு எடும்மா, அதைப் பாத்துட்டு நிறுத்தலாம்னாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சலிப்பா இருந்துச்சு, ஆனாலும் எடுத்தேன். எழுபது எழுபத்தஞ்சு தாண்டினப்போ ஒண்ணு வந்துச்சு, ஒரு லெட்டர், ஒண்ணரை பக்கம், சுருக்கமே கிடையாது, தலைப்புல கோவிட்டுங்குற வார்த்தையும் இல்ல, நாவல் கொரோனா வைரஸ் நிமோனியான்னு மட்டும் இருந்துச்சு. திறந்து பாத்தா உள்ள நாங்க தேடிட்டு இருந்த அதே மருந்து, அதே மாதிரி நோயாளிங்க, எத்தனை பேரு பிழைச்சாங்க எத்தனை பேரு இறந்தாங்கன்னு சின்னதா ஒரு அட்டவணை.

யோசிச்சுப் பாத்தா மெஷின் மேல தப்பே இல்ல. கோவிட்-19ங்குற பேரை உலக சுகாதார நிறுவனம் வச்சதே 2020 பிப்ரவரி 11-ல. அதுக்கு முன்னாடி எழுதினவங்க ஆளுக்கொரு பேரா எழுதினாங்க, ஆரம்பத்துல வந்த பல ரிப்போர்ட்டு அவசரத்துல லெட்டராவே வந்துச்சு, லெட்டருக்கு சுருக்கம் போடற வழக்கம் இல்ல. சுருக்கத்தை வச்சே கத்துக்கிட்ட மெஷினுக்கு சுருக்கமே இல்லாத பேப்பரை பாத்தா என்ன தெரியும், கீழ தள்ளத்தான் செய்யும். நூறுல ஒண்ணுன்னா ஆறாயிரத்துல எத்தனைன்னு அந்த அக்கா கேட்டாங்க. அந்த ஒண்ணோட நின்னிருக்கலாம், அறுபதும் இருந்திருக்கலாம், ரூம்ல யாருக்கும் பதில் தெரியல. சுருக்கம் இல்லாத பேப்பரை எல்லாம் தனியா பிரிச்சு கையாலயே பாத்தோம், இன்னும் ரெண்டு வாரம் போச்சு, மூணு கிடைச்சுது. ஒரு பெருந்தொற்றோட ஆரம்ப நாள்லதான் இந்த மாதிரி பேரு இல்லாத சுருக்கம் இல்லாத பேப்பருங்க ஜாஸ்தி வரும், அப்போதான் நமக்கு தகவலும் ரொம்ப தேவைப்படும், மெஷின் ரொம்ப தடுமாறறதும் அப்போதான். உங்க கட்டுரையில இது ஒரு வரி கூட இல்ல சார்.

துல்லியம்னு ஒரு சதவீதம் போட்டிருந்தீங்க, அதைப் பத்தியும் சொல்லணும். பத்தாயிரம் பேப்பர் இருக்குன்னு வச்சுக்கோங்க, அதுல நமக்கு உண்மையிலயே வேண்டியது ஐம்பதுதான். ஒரு மெஷின் ஒண்ணைக் கூட படிக்காம பத்தாயிரத்துக்கும் வேணாம் வேணாம்னு சொல்லிட்டு போச்சுன்னா கூட அதோட துல்லியம் 99.5 சதவீதம். கையில ஒரு பேப்பர் கூட இருக்காது. அதனால இந்த வேலையில துல்லியத்தை கேக்கக் கூடாது, வேண்டிய ஐம்பதுல எத்தனை பிடிச்சுதுன்னு கேக்கணும். 95 சதவீதம் பிடிச்சா பரவால்லன்னு பல ஆய்வுல வச்சுக்கறாங்க, அப்பவும் ரெண்டோ மூணோ விட்டுப் போகும், அந்த மூணும் எப்படிப்பட்ட மூணுங்குறதுதான் விசயம். அங்கொண்ணும் இங்கொண்ணுமா விட்டுப் போனா பரவால்ல, ஆனா இங்கிலீஷ்ல எழுதாதது, பெரிய ஜர்னல்ல வராதது, மருந்து வேலை செய்யலன்னு சாதாரணமா எழுதி வச்சதுன்னு ஒரே பக்கமா விட்டுப் போச்சுன்னா மொத்த முடிவும் சாஞ்சுடும்.

மனுசங்க மட்டும் ஒழுங்கான்னு யாராவது கேப்பாங்க. நியாயமான கேள்விதான், ஒழுங்கு இல்ல. 2020-ல வந்த ஒரு ஆய்வுல ஒரே ஒரு ஆள் சுருக்கத்தை பாத்து சலிச்சா வேண்டிய ஆய்வுகள்ல 13 சதவீதத்தை தவறவிடறாங்க, ரெண்டு பேரு பாத்தா 3 சதவீதமா குறையுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு நானூறாவது சுருக்கத்தை படிக்கற என்னை நானே நம்ப மாட்டேன். அதனாலதானே ரெண்டு பேருன்னு விதி வச்சாங்க. மெஷினை அந்த ரெண்டாவது ஆளா வச்சுக்கிட்டா எனக்கு முழு சம்மதம். ரெண்டு பேரையும் அனுப்பிட்டு மெஷினை மட்டும் உக்கார வைக்கறதைத்தான் நான் ஒத்துக்க மாட்டேன்.

சலிக்கறது ஒரு பக்கம், பேப்பருக்குள்ள இருந்து நம்பரை எடுக்கறது இன்னும் கஷ்டம், இப்போ வர்ற சாட்பாட்டு எல்லாம் அதைத்தான் நிமிசத்துல பண்றேன்னு சொல்லுது. ஆஸ்பத்திரியில இருந்த கொரோனா நோயாளிங்களுக்கு எந்த மருந்து உதவுதுன்னு சோதிக்க பிரிட்டன்ல ரெகவரின்னு ஒரு பெரிய ட்ரையல் நடந்துச்சு, டெக்சாமெத்தசோன்ங்குற பழைய, மலிவான ஸ்டீராய்டு உயிரை காப்பாத்துதுன்னு 2020 ஜூன் 16-ல அறிவிச்சாங்க, இந்த பெருந்தொற்றுல கிடைச்ச பெரிய நல்ல செய்தி அதுதான். அந்த பேப்பரை நான் ஒரு சாட்பாட்டு கிட்ட குடுத்து மருந்து சாவை குறைக்குதான்னு கேட்டுப் பாத்தேன். குறைக்குது, 28 நாள்ல இறந்தவங்க மருந்து குடுத்த பக்கம் 22.9 சதவீதம், குடுக்காத பக்கம் 25.7 சதவீதம்னு சொல்லுச்சு. அந்த நம்பர் ரெண்டும் பேப்பர்ல இருக்கு, பொய் கிடையாது. ஆனா அதே அட்டவணையில அதுக்கு பக்கத்துலயே மூணு வரி இருக்கு. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல மருந்தோட 29.3, மருந்து இல்லாம 41.4, அவ்ளோ பெரிய வித்தியாசம். ஆக்சிஜன் மட்டும் வச்சிருந்தவங்கள்ல 23.3, 26.2. மூணாவது வரி, ஆக்சிஜனே தேவைப்படாதவங்க, அவங்கள்ல மருந்தோட 17.8, மருந்து இல்லாம 14.0. நம்பர் அப்படியே திரும்பிடுச்சு பாத்தீங்களா. நிச்சயமா கெடுதல்தான்னு அடிச்சு சொல்ற அளவுக்கு இல்ல, ஆனா நல்லது பண்ணுச்சுன்னு சொல்ல வழியே இல்ல. அந்த மூணாவது வரியை முழுங்கிட்டு ஸ்டீராய்டு சாவை குறைக்குதுன்னு ஒத்தை வரியில ஒரு சுருக்கம் போச்சுன்னா, லேசான காய்ச்சலோட வீட்ல இருக்குறவங்க அந்த மாத்திரையை முழுங்குவாங்க. மனுசன் படிச்சாலும் முழுங்க வாய்ப்பு இருக்கு, ஆனா இந்த வேலை தெரிஞ்சவங்க கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திட்டு தேடறதே அந்த மூணாவது வரியைத்தான்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கோங்க. பேப்பர்ல சராசரிக்கு பக்கத்துல ஒரு சின்ன நம்பர் போட்டிருப்பாங்க. சில பேரு அதுல ஸ்டாண்டர்ட் டீவியேஷன் (ஆளுக்கு ஆள் எவ்ளோ மாறுதுங்குறது) போடுவாங்க, சில பேரு ஸ்டாண்டர்ட் எரர் (அந்த சராசரியே எவ்ளோ முன்னபின்ன இருக்கலாம்ங்குறது) போடுவாங்க, எதுங்குறது அட்டவணைக்கு கீழ பொடி எழுத்துல இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. நூறு பேரு இருக்குற ஆய்வுல ரெண்டாவது, முதலாவதுல பத்துல ஒரு பங்குதான். ரெண்டாவதை முதலாவதுன்னு நினைச்சு கணக்குல போட்டுட்டா அந்த ஆய்வுக்கு இருக்க வேண்டிய எடையை விட நூறு மடங்கு எடை வந்துடும், மத்த ஆய்வெல்லாம் இருக்குற இடம் தெரியாம போயிடும், கடைசி முடிவு அந்த ஒத்தை ஆய்வோட முடிவா ஆயிடும். நானே ஒரு தடவை இந்த தப்பை பண்ணியிருக்கேன். எனக்கு எதிர்ல உக்காந்து அதே பேப்பர்ல இருந்து தனியா நம்பர் எடுத்த தம்பி, அக்கா உங்க கிராஃப்ல இந்த ஒரு கட்டம் மட்டும் இவ்ளோ பெருசா இருக்கே, ஏன்னு கேட்டான். அதனால பிடிபட்டுச்சு. சாட்பாட்டு கிட்ட இன்னும் ஒரு சிக்கல், அதே பேப்பரை குடுத்து அதே கேள்வியை திரும்ப கேட்டா சில நேரம் வேற பதில் வருது, ரெண்டுலயும் கொஞ்சம் கூட தயக்கமே இல்லாம பேசுது. நான் தப்பு பண்ணப்போ எனக்கே ஒரு உறுத்தல் இருந்துச்சு, அதுக்கு அந்த உறுத்தல் இல்ல.

பொய் ஆய்வு பத்தி உங்க கட்டுரையில ஒண்ணுமே இல்லாததுதான் எனக்கு ரொம்ப வருத்தம். ஐவர்மெக்டின் கொரோனாவுக்கு பிரமாதமா வேலை செய்யுதுன்னு எகிப்துல இருந்து ஒரு ப்ரீபிரிண்ட் (மத்த நிபுணருங்க சரிபாக்கறதுக்கு முன்னாடியே வெளியிடற பேப்பர்) 2020 நவம்பர்ல வந்துச்சு. பெரிய ட்ரையல், பெரிய பலன், அதனால மெட்டா அனாலிசிஸ், அதாவது பல ஆய்வோட நம்பரை கூட்டி கணக்கு போடறது, பண்ணவங்க பல பேரு அதை உள்ள சேத்தாங்க, எந்த மெஷின் பாத்தாலும் இதை வரிசையில முதல் இடத்துலதான் வைக்கும், ஏன்னா எல்லா வார்த்தையும் சரியா இருக்கு. லண்டன்ல ஒரு மருத்துவ மாணவர் படிப்புக்காக அதை உக்காந்து படிச்சப்போதான், நோயோட பேரையே அகராதி வச்சு மாத்தின மாதிரி, எந்த டாக்டரும் எழுதாத விதமா எழுதியிருக்கே, வேற எங்க இருந்தோ எடுத்து வார்த்தையை மாத்தியிருக்காங்களோன்னு சந்தேகப்பட்டு டேட்டாவை திறந்து பாத்தாரு. ஜூன் 8-ல ஆரம்பிச்சதா சொன்ன ஆய்வுல அந்த தேதிக்கு முன்னாடியே இறந்தவங்க இருந்தாங்க, ஒரே நோயாளியோட விவரம் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்துச்சு. 2021 ஜூலையில அந்த ப்ரீபிரிண்ட்டை எடுத்துட்டாங்க. அதையும் அது மாதிரி சந்தேகமான ஆய்வுகளையும் நீக்கிட்டு திரும்ப கணக்கு போட்டப்போ, மருந்து சாவை குறைக்குதுங்குற முடிவு நிக்கல. இடைப்பட்ட எட்டு மாசத்துல அதை நம்பி முழுங்கினவங்க எத்தனையோ பேரு.

அதுக்கு முந்தி லான்செட்ங்குற பேர்போன மருத்துவ ஜர்னல்லயே இப்படி நடந்துச்சு. 2020 மே 22-ல ஹைட்ராக்சிகுளோரோகுயின் பத்தி 671 ஆஸ்பத்திரி, 96 ஆயிரம் நோயாளிங்கன்னு ஒரு பேப்பர், அந்த மருந்து குடுத்தவங்கள்ல சாவு ஜாஸ்தின்னு சொல்லுச்சு, அதை நம்பி உலக சுகாதார நிறுவனமே தன்னோட ட்ரையல்ல அந்த மருந்தை நிறுத்தி வச்சாங்க. ஆஸ்திரேலியாவுல ஏப்ரல் 21 வரைக்கும் மொத்தமா பதிவான கொரோனா சாவே 67 தான், இவங்க டேட்டாவுல அந்த நாட்டுல அஞ்சு ஆஸ்பத்திரியிலயே 73 எப்படி வந்துச்சுன்னு கேள்வி வந்துச்சு. ஜூன் 4-ல பேப்பரை திரும்ப வாங்கிட்டாங்க. பேப்பருக்கு வெளிய இருக்குற உலகத்தோட ஒப்பிட்டுப் பாத்த மனுசங்களாலதான் இது வெளிய வந்துச்சு.

ஏஐ பத்தியே ஒரு ரிவ்யூ வந்துச்சு, அதையும் சொல்லிடறேன். எக்ஸ்ரேவையும் சிடி ஸ்கேனையும் பாத்து கொரோனாவை கண்டுபிடிக்கறோம்னு 2020-ல ஊர்பட்ட ஏஐ மாடல் வந்துச்சே, கேம்பிரிட்ஜ்காரங்க தலைமையில ஒரு குழு அதையெல்லாம் தேடினாங்க. 2212 ஆய்வு கிடைச்சுது, முதல் சலிப்புல 415 நின்னுச்சு, தரம் பாத்ததுல 62 நின்னுச்சு, அந்த 62-ல ஆஸ்பத்திரியில யூஸ் பண்ணலாம்னு சொல்ற மாதிரி ஒண்ணு கூட இல்லன்னு 2021 மார்ச்ல எழுதினாங்க. சில மாடலுக்கு கொரோனா இல்லாதவங்க படம்னு குழந்தைங்க எக்ஸ்ரேவை குடுத்திருக்காங்க, கொரோனா படம் எல்லாம் பெரியவங்களோடது, அந்த மாடல் கத்துக்கிட்டது எது குழந்தை நெஞ்சு எது பெரியவங்க நெஞ்சுங்குறதை. இதை ஒருத்தர் ஒவ்வொரு பேப்பரா திறந்து படம் எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்காம கண்டுபிடிச்சிருக்க முடியாது.

பத்திரிகைங்களுக்கும் இதுல பங்கு இருக்குன்னு நான் சொன்னா கோச்சுக்காதீங்க. 2023 ஜனவரியில மாஸ்க், கை கழுவறது மாதிரி தடுப்பு வழிங்களை பத்தி காக்ரேன் ரிவ்யூ வந்தப்போ, மொத்தம் 78 ட்ரையலை பாத்துட்டு, மாஸ்க் பத்தி உறுதியா சொல்ல முடியலன்னுதான் அவங்க எழுதியிருந்தாங்க, அது உலகம் பூரா மாஸ்க் வேலை செய்யாதுன்னு தலைப்பா போச்சு, கடைசியில மார்ச்ல காக்ரேனோட தலைமை ஆசிரியரே அது தப்பான அர்த்தம்னு விளக்கம் குடுக்க வேண்டியதா போச்சு. மனுசங்க கையிலயே 'தெரியல'ங்குறது 'வேலை செய்யல'ன்னு ஆயிடுச்சு. ரெண்டு வரியில சுருக்கிக் குடுன்னு மெஷின் கிட்ட கேட்டா முதல்ல காணாம போறது அந்த தெரியலங்குற வார்த்தைதான், நான் சோதிச்ச பல தடவையும் அப்படித்தான் ஆச்சு.

இப்போ நான் கேக்க வந்ததுக்கு வர்றேன். பிரிஸ்மான்னு ஒரு முறை இருக்கு, சிஸ்டமேட்டிக் ரிவ்யூ எழுதறவங்க எல்லாரும் அதுப்படி ஒரு வரைபடம் போடணும், எத்தனை பேப்பர் கிடைச்சுது, எத்தனையை எந்த இடத்துல விட்டாங்க, கடைசியா எத்தனை நின்னுச்சுன்னு கட்டம் கட்டமா. அதோட 2020 பதிப்புல முதல் கட்டங்கள்லயே ஒரு வரி இருக்கு, மனுசங்க பாக்கறதுக்கு முன்னாடியே ஆட்டோமேஷன் டூல் தகுதியில்லன்னு ஒதுக்கின பேப்பர் எத்தனைன்னு. பல ரிவ்யூல அந்த வரியை காலியா விட்டுடறாங்க, டூல் யூஸ் பண்ணதையே வேற எங்கயோ ஒரு மூலையில சொல்லிட்டு போயிடறாங்க. காக்ரேன், கேம்பெல், ஜேபிஐ மாதிரி ரிவ்யூ வேலை பண்ற அமைப்புங்க ஒண்ணா சேந்து 2025-ல ஒரு நிலைப்பாடு வெளியிட்டிருக்காங்க, ஏஐ யூஸ் பண்ணலாம், ஆனா பொறுப்பு முழுக்க ரிவ்யூ எழுதறவங்களோடது, யூஸ் பண்ணதை வெளிப்படையா சொல்லணும்னு. எந்த டூல், எந்த வேலைக்கு, எங்க நிறுத்தினாங்க, ஒதுக்கின குவியல்ல இருந்து கையால எத்தனை எடுத்து சோதிச்சாங்க, அதுல எத்தனை தப்பு கிடைச்சுது, இவ்ளோதான் எழுத வேண்டியது. அரை பக்கம் வராது.

உங்க கட்டுரையில அந்த ஏஐ பத்தாயிரத்துக்கு மேல ஆய்வுகளை சில மணி நேரத்துல அலசிடுச்சுன்னு பெரிய எழுத்துல போட்டிருந்தீங்க. அதுல எத்தனையை அது வேணாம்னு தூக்கிப் போட்டுச்சு, அந்த குவியலை எந்த மனுசனாவது ஒரு நூறு எடுத்தாவது பாத்தாரா, பாத்திருந்தா என்ன கிடைச்சுது, இதை அந்த குழு கிட்ட கேட்டு அதே பக்கத்துல, அதே அளவு எழுத்துல போடுங்க சார். அவங்க கிட்ட அந்த நம்பர் இல்லன்னா, இல்லன்னு சொன்னாங்கன்னு போடுங்க.

இப்படிக்கு,
உங்க பத்திரிகையை தினமும் படிக்கிற ஒரு வாசகி